காற்று திரும்பிய பிறகு காட்டும் வீடு

"காத்து திரும்பட்டும் மாமு, அதுக்கப்புறம் பார்ட்டியைக் கூட்டிகினு வா."

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி பாஸ்கர் அண்ணன் போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. திருவொற்றியூரில் வீட்டுத் தரகு என்பது வீட்டோடு சேர்த்து நேரத்தையும் விற்கிற தொழில். இந்தப் பக்கம் வீடு தேடி அலைந்தவர்கள் யோசித்துப் பாருங்கள், உங்களுக்கும் சாயங்காலமாகத்தான் காட்டியிருப்பார்கள்.

மதியத்துக்கு மேல்

காலையில் இங்கே காற்று மேற்கிலிருந்து வரும். மேற்கே தொழிற்சாலைகள். அழுகிய முட்டையும் பெட்ரோலும் கலந்த மாதிரி ஒரு வாடை வந்து கண்ணைக் கரிக்கும். மதியத்துக்கு மேல் கடல் காற்று எழுந்தால் அதையெல்லாம் வந்த வழியே தள்ளிவிடும். அதனால் கடலோர வீடுகளைப் பிற்பகலில்தான் காட்டுவோம்.

"காலையில் வரேன்னு சொன்னா என்ன அண்ணா செய்றது?" என்று ஒருநாள் தயங்கிக் கேட்டேன்.

"காலைல பாக்க வர்றவன் காலைலயே ஓடிப்பூடுவான்மா" என்றார்.

ஜன்னலோரக் கட்டில்

ஸ்டெல்லா ஆன்ட்டி ராயபுரத்திலிருந்து வந்தார். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கடுமையான வீசிங். நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். குடும்ப வீட்டில் தன் பங்கை விற்றுவிட்டு, எண்ணூர் போகிற வழியில் கடலைப் பார்த்த ஒரு வீட்டுக்காக எங்களிடம் வந்திருந்தார்.

நாலு மணிக்குக் கூட்டிப்போனோம். வீட்டுக்காரர் கஸ்தூரியக்கா மீன் விற்பவர். மகன் படகுக்கு இன்ஜின் வாங்குவதற்காக வீட்டை விற்கிறார். பார்த்துவிட்டுப் போன யாரும் திரும்பி வராததால் முகம் வாடியிருந்தது. ஜன்னல் திரை கூரை வரைக்கும் பறந்தது. ஆன்ட்டி ஜன்னலோரச் சுவரை முழம் போட்டு அளந்தார், கட்டிலுக்கு. கஸ்தூரியக்கா எங்களுக்கு டீ கொடுத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இந்தக் காத்து போதும், அவரு இன்னும் பத்து வருசம் இருப்பாரு" என்றார் ஆன்ட்டி.

வாய்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஆன்ட்டி ஆபீசுக்கு வந்தார். அண்ணனிடம் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டு, எதிர்பாராமல் என் பக்கம் திரும்பினார்.

"உங்க அப்பாவுக்கு வீசிங்னா இந்த வூட்டை வாங்குவியாம்மா?"

அண்ணன் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிப் போனால்கூட வாய் திறக்காமல் அடுத்ததில் இறங்கி நடக்கிறவள் நான். தலையை நிமிர்த்தாமல், "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அங்கிளையும் கூட்டிட்டு வாங்க ஆன்ட்டி" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். ஆன்ட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்று எழுந்து போனார்.

"உனுக்கு வாயே இல்லேன்னுதானே வேலைக்கு வெச்சேன்" என்றார் அண்ணன்.

ஏழு மணி

கஸ்தூரியக்கா மேற்குப் பக்க ஜன்னல்களை அடைத்து, உள்ளே ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார். ஆனால் தெருவில் அந்த வாடை அப்படியே நின்றது. ஆட்டோவிலிருந்து இறங்கிய அங்கிளுக்கு வாசலை எட்டுவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் நிற்கவே இல்லை. சுவரில் கையை ஊன்றிக் குனிந்துவிட்டார். ஆன்ட்டி பையைக் கிளறி இன்ஹேலரை எடுத்து அவர் வாயில் வைத்தார்.

"வெளியதான் சார் இப்டி. உள்ள ஒண்ணும் தெரியாது" என்றார் அண்ணன்.

அங்கிள் மூச்சு வாங்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "வூடு நல்லாதான் கீது ஸ்டெல்லா. நீ ஆசப்பட்டுட்ட. வா, உள்ள போலாம்."

ஆன்ட்டி அசையவில்லை. கஸ்தூரியக்கா வாசற்படியில் நின்று அங்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே இறங்கி, கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டு, மீன் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தார்.