துணி கட்டிய வண்டி

பேருந்துப் பணிமனையில் அவருக்கு ஸ்பானர் என்று பெயர். எந்த வண்டியின் அடியில் படுத்தாலும், முதலில் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். கட்டியவர் அவிழ்க்கும்வரை வண்டி நகரக்கூடாது. அங்கே அதுதான் சட்டம். ஒருநாள் மேற்பார்வையாளர் அவசரம் என்று துணியை உருவிப் போட்டுவிட்டுப் பேருந்தை அனுப்பினார். பிரேக் பாதி பிரித்துக் கிடந்தது. வண்டி சுவரில் மோதி நடத்துநருக்குக் கால் முறிந்தது. விசாரணையில் அந்த மனுஷன் கூசாமல், "துணி கட்டவே இல்லையே" என்றார். ஸ்பானருக்குச் சீட்டுக் கிழிந்தது.

பத்தொன்பது வருஷம் தெருவோரத்தில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி மெதுவாகக் கேட்டாளே, "ஒருவேளை நீங்களே மறந்துட்டீங்களோ?" என்று, அதுதான் ஆறவில்லை.

இந்த வருஷம் பழைய வேன் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் பொருத்தி, தன் கையாலேயே கேரவன் ஆக்கினார். இருவரும் கடலோர ஊர் ஒன்றுக்கு வந்து, கேரவன்கள் தங்கும் முகாமில் வண்டியை நிறுத்தினார்கள். இரண்டு நாள் கலங்கரை விளக்கம், மீன் சந்தை என்று சுற்றினார்கள். ஆலாப் பறவைகள் தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்து மீனோடு எழும்புவதை மனைவி வாய் பிளந்து பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை, ஸ்பானர் ஸ்டீயரிங்கில் துணி கட்டிவிட்டுத் தன் வண்டிக்கு அடியில் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து இடத்தில் பளபளவென்று ஒரு பெரிய கேரவன் வந்து நின்றது. கேமராவோடு இறங்கியவரை ஸ்பானர் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். தலைக்குச் சாயம், தொந்தி கூடுதல். மற்றபடி அதே மேற்பார்வையாளர்.

"பூநாரை எங்கங்க நிக்கும்?" அவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை.

"அந்த மணல் திட்டுல." ஸ்பானர் கை காட்டினார். பொய் சொல்லவில்லை.

மணலில் இறங்கும் சரிவில் முகாம் காவலாளி ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்டி நட்டிருந்தார். இன்று மணல் இளகியிருக்கிறது, வண்டி இறக்காதீர்கள் என்று அர்த்தம். மேற்பார்வையாளர் இறங்கினார், கம்பைப் பிடுங்கி முன்சீட்டில் எறிந்தார், வண்டியை இறக்கினார்.

ஒரு சத்தம் கொடுத்தால் போதும். ஸ்பானர் கொடுக்கவில்லை. போ ராசா, நல்லா போ என்று மனதுக்குள் வழியனுப்பினார். திட்டை எட்டுமுன் நாலு சக்கரமும் புதைந்தன. பூநாரைகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. ஸ்பானருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கடல் ஏறத் தொடங்கியிருந்தது. காவலாளி ஓடி வந்தார். பின்னாலேயே ஸ்பானரும் மனைவியும் போனார்கள்.

"துணி கட்டியிருந்தேனே, யாரு எடுத்தது?"

"துணியா? கட்டவே இல்லையே" என்றார் மேற்பார்வையாளர். அதே முகம், அதே வார்த்தை.

"முன்சீட்ல பாருங்க" என்றார் ஸ்பானர்.

காவலாளி கம்பை எடுத்து நீட்டினார். மேற்பார்வையாளர் அப்போதுதான் ஸ்பானரை உற்றுப் பார்த்தார். "நீயா?"

"நானேதான் சார்."

டவுனிலிருந்து டிராக்டர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்று காவலாளி கையை விரித்தார். தண்ணீர் டயரைத் தொட்டது.

"உன் வண்டியில கயிறு இருக்கா? கட்டி இழுத்து விட்டுடுப்பா, புண்ணியமா போகும்."

ஸ்பானர் மனைவியைக் காட்டினார். "முதல்ல இவகிட்ட சொல்லுங்க. அன்னைக்குத் துணி கட்டியிருந்துச்சா இல்லையா?"

தண்ணீர் கதவின் விளிம்புக்கு வந்தது. "கட்டியிருந்துச்சும்மா. நான்தான் உருவினேன்."

மனைவி கணவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"கயிறு இருக்கு சார். ஆனா என் வண்டி ஸ்டீயரிங்ல துணி கட்டியிருக்கேன். அவுக்காம நகராது. சட்டம் உங்களுக்குத் தெரியுமே" என்றார் ஸ்பானர்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க."

அவள் விறுவிறுவென்று தங்கள் வண்டிக்குப் போனாள். கதவைத் திறந்து ஸ்டீயரிங்கில் கை வைத்தாள். அவிழ்க்கிறாள் என்று மேற்பார்வையாளரின் முகம் மலர்ந்தது. அவள் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சை இறுக்கினாள். அப்புறம் டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள்.