ஒரு வார்த்தை கேட்டான்

ஆடுகோடியில் நான் வேலை பார்த்த கம்பெனியில், வரைபடப் பிரிவில் நாங்கள் நான்கு பேர். ஒரு கன்னடக்காரர், ஒரு முஸ்லிம் நண்பர், நான், ஜீவனஹள்ளியிலிருந்து வரும் என் உயிர்ச் சிநேகிதன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாக்கள் கைமாறும். கூடவே வாதமும் நடக்கும். அவரவர் நியாயம் அவரவருக்கு, எது சரி எது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார் என்பது என் கட்சி. பெரிய மனசுக்காரன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு. சிநேகிதன் பௌத்தன், லேசில் ஒப்பமாட்டான்.

"சாமி ஆயிரம் இருக்கட்டும் குரு. தப்புன்னா எல்லார் வூட்லயும் தப்புதான்" என்பான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்கு மூவரையும் வீட்டுக்கு அழைத்தேன். எங்களுடையது மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த குடும்பம். அம்மா ஒவ்வொருவரையும் அன்பாகத்தான் விசாரித்தாள்.

"தம்பிக்குச் சொந்த ஊரு?" என்றாள் என் சிநேகிதனிடம்.

"பொறந்தது இங்கதாம்மா. தாத்தா தங்கவயல் சுரங்கத்துல வேலை செஞ்சாரு."

என்ன சாதி என்று கணிக்க அம்மாவுக்கு அது போதும். முகத்தில் சிரிப்பு மாறாமல் உள்ளே போய்க் காபியோடு வந்தாள். எங்கள் மூவருக்கும் எவர்சில்வர் டம்ளர், முஸ்லிம் நண்பருக்கும் சேர்த்துத்தான். அவனுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். சூட்டில் அது நெளிந்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பட்டாசு விலையைப் பற்றிப் பேசினேன்.

கிளம்பும்போது கேட்டருகே நின்றான்.

"குரு, அது தப்பா, இல்லியா? அம்மாகிட்ட கேக்க வேணாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"அம்மா பழைய காலத்து மனுஷிடா. அவங்க பக்கத்து நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல."

தலையாட்டினான். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு தன் டப்பாவைத் தனியாகத் திறந்து சாப்பிட்டான். இரண்டே மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போனான். ரொம்பத்தான் ரோஷம் என்று அவன்மேலேயே கோபப்பட்டேன். அப்போது இருந்த புத்தி அவ்வளவுதான்.

பத்து வருஷம் கழித்து அம்மா போனாள். அதற்கப்புறம் ஒளிந்துகொள்ள யாருடைய நியாயமும் மிச்சமில்லை. அது தப்பு, அன்றைக்கே தப்பு, தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது இன்னும் பெரிய தப்பு. இதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ஜீவனஹள்ளிக்குப் போனேன். சுவரில் அவன் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மாரடைப்பு, எட்டு மாதம் ஆகிறது என்றார் அவன் மனைவி.

நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா சார்! உங்க வூட்டுத் தீபாவளியப் பத்தி எத்தனை தரம் சொல்லியிருக்காரு! உங்கம்மா ஊட்டிவிடாத குறையா கவனிச்சாங்களாமே? மனுசங்கன்னா அப்டி இருக்கணும்னு பசங்ககிட்ட சொல்லிக்கினே இருப்பாரு."

பக்கத்தில் அவன் மகள் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.