கண்ணாயிரத்தின் அரைப்பக்கப் போர்

கண்ணாயிரம் பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டுப் பிழைக்கிறவர். பிள்ளையார்பாளையத்தில் வீடு, மாடியில் கம்ப்யூட்டர். முந்தானையில் எதிரெதிரே நிற்கும் இரண்டு அன்னங்களில் அவர் வரைவது ஒன்றைத்தான். அதைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று வந்துவிடும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நல்ல மனிதராகத்தான் இருந்தார். போர் வந்து கெடுத்தது.

எல்லையில் சண்டை என்று டிவி கத்த ஆரம்பித்த வாரம், உள்ளூர் மாலைப் பத்திரிகை முதலாளி பரசுராமன் அவரைத் தேடி வந்தார். நேற்றுவரை வீட்டுமனை விற்றவர்.

"சண்டை நடக்கிற எடத்துக்கு நம்மாளு யாரும் போவ முடியாது. போட்டோ கெடைக்கல. நீ வரைஞ்சு குடுப்பா, தினம் அரைப்பக்கம், கலர்ல."

மாதிரிக்கு, வெள்ளைக்காரன் காலத்துப் படப் பத்திரிகைகளிலிருந்து சிலவற்றைப் போனில் காட்டினார். எல்லாவற்றிலும் ஒரே கதை. குதிரைமேல் ஒரு துரை, தொப்பி நலுங்காமல் கத்தியை நீட்டிக்கொண்டிருப்பார். கீழே நம்மைப்போல் கறுத்த ஆட்கள் குவியலாகச் செத்துக் கிடப்பார்கள். வரைந்தவன் லண்டனில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்திருப்பான். செத்துக் கிடப்பது தன் முப்பாட்டனாக இருக்கலாம் என்று பரசுராமனுக்குத் தோன்றவேயில்லை. "குதிரைக்குப் பதிலா டாங்கி போட்டுக்கோ" என்றார், அவ்வளவுதான்.

துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத கண்ணாயிரம் போட்டார் ஐயா போர்! குண்டு வெடித்தால் ஜரிகை நிறத்தில் தீ. நம் வீரர்கள் சட்டையில் ஒரு கசங்கல் கிடையாது. எதிரிக்கு மட்டும் கோணல் பல். டீக்கடையில் அந்தப் பக்கத்தை விரித்துவைத்து, வடையை மென்றபடி ஊரே வெற்றி கொண்டாடியது. பிறகு அதே தாளில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டது. கண்ணாயிரத்துக்கோ தலைகால் புரியவில்லை. சேலை டிசைன் கேட்டு வந்தவர்களிடம், "இப்ப போர்முனையில இருக்கிறேன்" என்றார், லுங்கியோடு மாடியில் உட்கார்ந்தபடி.

அடுத்து பரசுராமனுக்கு உள்ளூர் வீரன் ஒருவன் வேண்டுமாம். பக்கத்துத் தெரு இந்திராணியின் மகன் வசந்த் பட்டாளத்தில் இருக்கிறான். கண்ணாயிரம் யாரையும் கேட்காமல் அவனுடைய வாட்ஸ்அப் படத்தை எடுத்து, துப்பாக்கியும் கையுமாக இடப்பக்கம் நிறுத்தினார். பத்திரிகைக்கு நேரமாகிவிட்டது. கை பழகிய வேலையைச் செய்தது. வரைந்ததைத் திருப்பி வலப்பக்கம் போட்டு, கீழே சாய்த்து, உடுப்பின் நிறத்தை மாற்றி, மார்பில் ரத்தம் ஊற்றி, ஒரு தாடியை ஒட்டினார். எதிரி தயார்.

ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்திராணிக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலமே தாளோடு மாடி ஏறி வந்தாள்.

"ஏம்பா கண்ணாயிரம், இதுல செத்துக் கெடக்கிறது யாரு?"

"எதிரிதான்க்கா."

"தாடி வெச்சா எம்புள்ளைய எனக்குத் தெரியாதா? புருவத்துல வெட்டு பாரு. சின்ன வயசுல சைக்கிள்லருந்து வுழுந்தது." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன் அங்க சமையல்கட்டுல சப்பாத்தி போட்டுக்கினு இருக்கிறவன். சண்டை ஆரம்பிச்சதுலருந்து போன் வரல. வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு இருக்கிறேன். நீ அவனைச் சாவடிச்சு ஊரெல்லாம் வித்துட்டு வர்ற."

கண்ணாயிரத்துக்கு அப்போதும் தப்பு செய்தோம் என்று வாயில் வரவில்லை, தொழில்தான் வந்தது.

"அழுவாதக்கா. போன்ல போற பத்திரிகையில இப்பவே மாத்திடறேன். வேற மூஞ்சி போட்டுடலாம்."

"வேற மூஞ்சின்னா யாருது?"

"யாருதாவது."

"உன் குமரன் மூஞ்சியைப் போடு."

குமரன் அவருடைய ஒரே மகன். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பான்.

"வாயைக் கழுவுக்கா! என்ன பேச்சு பேசுற?" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

இந்திராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் வசந்த் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினான். டவர் கிடைக்கவில்லையாம். தோசைக்கல்லில் கையைச் சுட்டுக்கொண்டானாம், போரில் அவனுக்குப் பட்ட காயம் அதுதான். விஷயம் கண்ணாயிரத்தின் காதுக்கும் வந்தது. ஆனாலும் அன்று எந்த முகத்தை வரைய உட்கார்ந்தாலும் அது குமரன் ஜாடையில் வந்து நின்றது. வெறும் புகையும் டாங்கியுமாக அனுப்பிவைத்தார்.

பரசுராமன் போனில் கத்தினார். "ஒரு ஆளுகூட சாவல, இது என்னய்யா சண்டை? எவன் வாங்குவான்?"

"உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க சார்" என்றார் கண்ணாயிரம். "படுக்க வெச்சுடறேன்."