மூடுபனி இறங்கியபோது பேச்சு வந்தது

விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேளாண் விரிவாக்கக் கல்வி படிப்பவர்களுக்குச் செடியைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது, நாலு பேர் எதிரே வாய் திறக்கவும் வேண்டும். வகுப்பில் 'உள்ளேன்' சொல்வதற்கே நெஞ்சு படபடப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும். முதுகலைக் கடைசிப் பருவத்தில் ஏற்காட்டு மலைக் கிராமங்களில் நான் விவசாயிகளுக்குப் பயிற்சி நடத்த வேண்டியிருந்தது. "கூட்டத்துல பேச வரலைன்னா இந்தத் துறை உனக்கு வேண்டாம்மா. கடைசிக் கூட்டத்துக்கு நானே வந்து பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தார் என் வழிகாட்டிப் பேராசிரியை.

நாகலூரில் முதல் கூட்டம்

எஸ்டேட் வேலை முடித்து வந்த பெண்கள் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தரையைப் பார்த்தபடியே மிளகுக்கொடியின் வாடல் நோயைப் பற்றி மனப்பாடம் செய்ததில் பாதியைச் சொல்லிவிட்டேன். நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தபோது முன்னால் இருந்த அக்கா அன்பாகக் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

மஞ்சக்குட்டை ஜீப்பில்

அதன்பின் போகிற வழியெல்லாம் ஒத்திகைதான். ஷேர் ஜீப்பில் ஜன்னல் பக்கம் திரும்பி, "முதல்லயே கவனிச்சிருக்கணும், முத்திப்போனதுக்கப்புறம் வந்து கேட்டா நான் என்ன பண்றது?" என்று முணுமுணுத்தேன். நோய் கண்ட கொடியைத்தான் சொன்னேன். பக்கத்தில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த அம்மா என் தோளைத் தொட்டார்: "போன்ல யாரு கண்ணு, ஊட்டுக்காரரா? நொம்பத் திட்டாத சாமி, பாவம்."

மாரமங்கலத்தில் கடைசிக் கூட்டம்

நீல மயில்துத்தக் கரைசல் ஒரு வாளி, சுண்ணாம்புப் பால் ஒரு வாளி. இரண்டையும் கலந்து மிளகுக்கொடிக்கு மருந்து தயாரித்துக் காட்ட வேண்டும். கடைசி வரிசையில் பேராசிரியை. அவரையே பார்த்துக்கொண்டு கலக்கியதில் நீலக் கரைசல் சுடிதாரில் தெறித்தது. வார்த்தை வரவில்லை.

அப்போது காப்பித் தோட்டத்துச் சரிவிலிருந்து மூடுபனி இறங்கியது. முதலில் பேராசிரியை மறைந்தார், பிறகு எல்லோருமே. எனக்குப் பேச்சு வந்துவிட்டது! "கத்தியை முக்கிப் பாருங்க. செம்பு நிறம் ஏறுச்சுன்னா இன்னும் சுண்ணாம்பு வேணும்" என்றேன். மிச்சத்தை மறுநாளும் அடிக்கலாமா என்று கேட்ட குரலை, "கூடவே கூடாதுங்க, அன்னன்னைக்குத்தான்" என்று அதட்டக்கூடச் செய்தேன்.

பனி விலகியது. வாளியைச் சுற்றி அத்தனை முகங்கள். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். பெரியவர் ஒருவர், "நாங்க வேணா அந்தப் பக்கமாத் திரும்பிக்கறோமுங்க, நீங்க சொல்லி முடிங்க" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அந்தச் சிரிப்போடே முடித்தும்விட்டேன். பேராசிரியை என் நீலக் கறையைப் பார்த்தபடி சொன்னார்: "தேறிட்டே. ஆனா வேலைக்கு இன்டர்வியூ போற எடத்துல என்னால மூடுபனி இறக்க முடியாதும்மா."

என் முதல் இன்டர்வியூ சேலத்தில், அதுவும் சித்திரை மாதத்து நட்ட நடு மத்தியானத்தில்.