இடக்கைக்கு எட்டிய சங்கிலி

எங்கள் கராஜ் கதவுக்கு மோட்டார் பூட்ட வந்த ரஜீவ் முதலில் செய்த வேலை, நான் எடுத்துவைத்திருந்த பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடியதுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பத்திரண்டு வருடம் பதுளையில் கணக்குப் படிப்பித்தவள் நான். விடையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொப்பியை மூடினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

அந்தப் பெட்டி ரொறன்ரோவிலிருந்து வந்தது. என் தம்பி பார்த்தீபன் தன் வீட்டில் இருக்கும் அதே மோட்டாரை வாங்கிக் கப்பலில் அனுப்பியிருந்தான். வெளிநாட்டில் ஓர் உறவு இருந்துவிட்டால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குப் பிடிக்கிற வியாதி இது. போர்வையோ பிரஷர் பார்க்கும் கருவியோ, அங்கேயிருந்து வந்தால்தான் திறம்.

"இது நம்ம கதவுக்கு ஆகாதுங்க டீச்சர்," என்றார் ரஜீவ். "அங்க உள்ள கதவு பலகை பலகையா மடிஞ்சு கூரைக்கு அடியில போகும். ஒங்களது தகரம், சுருண்டு மேல போறது. அங்க கரண்டும் நூத்தி இருவது வோல்ட்டு. நம்ம ப்ளக்ல குத்தினா பொகைதான் வரும்."

"கனடாவில ஓடுறது பதுளையில ஏன் ஓடாது தம்பி? பூட்டத் தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லும்."

அவர் கோபிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அம்மா ரெங்கம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்த மகன். கொழும்பில் ஒரு கடையில் கதவு வேலை பழகி, இப்போது பதுளை முழுக்க ரோலர் கதவென்றால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். "மொதல்ல கதவப் பாப்போம். மோட்டர அப்புறம் பேசலாங்க," என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. முன்வாசலுக்குப் பதினேழு படி. வீட்டுக்குள்ளிருந்து படியில்லாமல் ரோட்டுக்குப் போக ஒரே வழி கராஜ்தான். என் கணவர் இரகுநாதன் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவர். ஊவா மாகாணத்தில் அவர் ஏறி இறங்காத மலை இல்லை. போன வருடம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. சக்கர நாற்காலியில் அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கதவைத் தூக்க இரண்டு முச்சக்கர வண்டிக்காரரைக் கெஞ்ச வேண்டியிருந்தது.

ரஜீவ் கதவை இடுப்பளவு தூக்கிக் கையை விட்டார். தடாரென்று விழுந்தது.

"பாத்தீங்களா? பாதியில விட்டா அந்த எடத்துலயே நிக்கணும். கதவத் தூக்குறது மோட்டரு இல்லீங்க, உள்ள சுத்தியிருக்க ஸ்ப்ரிங்கு. ஒங்க ஸ்ப்ரிங்கு செத்துப்போச்சு. இதுக்குப் பெரிய மோட்டராப் போட்டா மோட்டரும் சாகும்."

பெரிய குதிரைவலு மோட்டாராக வாங்குங்கள் என்றுதான் டவுனில் கேட்ட கடைக்காரரெல்லாம் சொல்லியிருந்தார்கள். இவர் ஸ்ப்ரிங்கை மாற்றினார். பிறகு நானே ஒரு கையால் தூக்கினேன். பாதியில் விட்டேன், நின்றது. எனக்குச் சந்தோஷமும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அதற்குப் பிறகுதான் மோட்டார்ப் பேச்சு. அதையும் என்னிடம் பேசவில்லை. நேரே என் கணவரிடம் போய், நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஐயா, ஒங்களுக்கு எந்தக் கை வேலை செய்யுது?"

எட்டு மாதமாக அந்த மனிதரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. டொக்டரும் என்னிடம்தான் கேட்பார், சொந்தக்காரரும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் கேட்பதில்லை, செய்துவிடுவேன். என் கணவர் இடக்கையை மெதுவாகத் தூக்கிக் காட்டினார்.

"எனக்கு... எட்டோணும்," என்றார். அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

ரஜீவ் தேர்ந்தெடுத்தது மெதுவாக ஓடும் ஒரு சிறிய மோட்டார். பற்றரி உண்டு. பக்கத்தில் வளையமாக ஒரு சங்கிலியும் தொங்கும். கரண்ட் போய், பற்றரியும் தீர்ந்தால் சங்கிலியை இழுத்துக் கதவைத் தூக்கலாம். நேரமெடுக்கும், ஆனால் பலம் வேண்டாம். கையை விட்டாலும் கதவு இறங்காது. அதை இடப்பக்கமாக, நாற்காலியில் இருப்பவருக்கு எட்டும்படி தொங்கவிடப்போவதாகச் சொன்னார்.

"வேண்டாம்," என்றேன். "ரிமோட் என்னட்ட இருக்கட்டும். சுவிச்சையும் சங்கிலியையும் உயரத்தில வையும். வெளியில இறக்கம். இவர் தனியத் திறந்து உருண்டுபோனால் ஆர் பொறுப்பு?"

"நீங்க வீட்டுல இல்லாதப்ப ஏதாச்சும் ஆச்சுன்னா டீச்சர்?"

"நான் இல்லாமல் எங்க போறன்?"

அவர் போல்டை முறுக்கினார். பிறகு திரும்பாமலே சொன்னார். "நான் சின்னப்புள்ளையா இருக்கப்ப எங்க லயத்துக்குப் பின்னால மண்ணு சரிஞ்சிருச்சு. பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு ஓரந்தான். நெலை சாஞ்சு கதவு இறுகிப்போச்சு. அம்மா உள்ள. ஆம்பளைங்க நாலு பேரு இழுத்தும் வரல. கூரைத் தகரத்தப் பிரிச்சுத்தான் எடுத்தாங்க. கதவுன்னா உள்ள இருக்கவங்களுக்குத்தாங்க மொதல்ல."

அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை. சங்கிலி இடப்பக்கம் தொங்கியது. வெளியே இறக்கம் தொடங்கும் இடத்தில், கேட்காமலே சக்கரம் தடுக்கிற மாதிரி ஒரு கட்டையும் கட்டித் தந்தார்.

பிறகு ஒரு பழுத்த பப்பாசிப்பழம் கேட்டார். சாப்பிடத்தான் என்று நினைத்து, எங்கள் மரத்துப் பழத்தில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன். மனிதர் அதைக் கதவுக்கு நேர் கீழே தரையில் வைத்துவிட்டு ரிமோட்டை அமுக்கினார். கதவு இறங்கி, பழத்தை நசுக்கிவிட்டுத்தான் மேலே போனது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் சிரித்துக்கொண்டே மோட்டாரில் எதையோ திருகினார்.

"இன்னொண்ணு குடுங்க டீச்சர். எதையாச்சும் தொட்டா கதவு திரும்பி மேல போகணும். ஐயாவோட காலு பழத்த விட மெதுங்க."

இரண்டாவது பழத்தில் கீறல் விழுந்தது. மூன்றாவதைக் கதவு தொட்டது, தயங்கியது, திரும்பி மேலே போய்விட்டது. பழத்தில் ஒரு வடுகூட இல்லை. என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். தப்பிய பழத்தை மூன்று பேரும் வெட்டிச் சாப்பிட்டோம்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயமில்லை. ரஜீவ் போன மறுநாளே சுவரில் உயரமாக ஒரு கொக்கி அடித்தேன். வெளியே போகும்போதெல்லாம் சங்கிலியைச் சுருட்டி அதில் மாட்டிவிட்டுப் போனேன்; திரும்பி வந்தும் பெரும்பாலும் இறக்கவில்லை. ரிமோட் என் கைப்பையில். என் கணவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். பாதுகாப்புக்குத்தானே என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ரஜீவ் கதவைச் சரிபார்க்க வந்தார். கொக்கியைப் பார்த்தார்.

"டீச்சர், பூட்டுன அன்னைக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. வீட்டுக்காரவங்க ஒரு தடவ உள்ள இருந்து, கரண்டு இல்லாமத் தெறந்து காட்டணும். எல்லா வீட்டுலயும் செய்யிறதுங்க. இந்த நாற்காலியில உக்காருங்க. வலது கை மடியில."

என் கணவரைப் பக்கத்துக் கதிரைக்கு மாற்றிவிட்டு என்னை அவருடைய சக்கர நாற்காலியில் இருத்தினார். மெயினையும் பற்றரியையும் நிறுத்தினார். கதவு மூடியிருந்தது. கும்மிருட்டு. சங்கிலி என் தலைக்கு மேலே, கொக்கியில். இடக்கையை நீட்டினேன், எட்டவில்லை. எம்பினேன், எட்டவில்லை. எழும்பினால் தொட்டுவிடலாம், ஆனால் எழும்புவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இருட்டில் என் கணவர் மூச்சுவிடுவது கேட்டது. இரண்டு நிமிடம்தான் இருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வெளிச்சத்தைப் போடும் தம்பி," என்றேன். எழும்பிப்போய் என் கையாலேயே கொக்கியைப் பிடுங்கினேன். ரஜீவ் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், என் பக்கம் பார்க்கவேயில்லை. அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. கரண்ட் போய் இரண்டு நாள், பற்றரியும் தீர்ந்துவிட்டது. என் கணவரின் மருந்து முடிந்திருந்ததால் காலை பத்து மணிக்கு டவுனுக்குப் போனேன். திரும்பும் வழியில் ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது. போனும் எடுபடவில்லை. இறங்கி நடந்தேன். வீட்டு வளைவுக்கு வந்தபோது எதிர்வீட்டு ஜெஸீமா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், பயப்பட வேணாம். சேர் எங்கட வீட்டுலதான் ஈக்கிறாரு."

எங்கள் வீட்டின் பின்பக்க மண்மேடு இறங்கி, படுக்கையறைச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. அவருடைய கட்டிலின் தலைப்பக்கம் சேற்றுக்குள் இருந்தது. முன்பக்கம் கராஜ் கதவு நாற்காலி உயரத்துக்கு மேலே கொஞ்சம் திறந்தபடி நின்றது.

சுவர் வெடிக்கிற சத்தம் கேட்டு, இடக்கையாலும் இடக்காலாலும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கராஜுக்கு வந்திருக்கிறார். இழுப்பதும் விடுவதும் மறுபடி பிடிப்பதுமாகச் சங்கிலியைக் கால்மணி நேரத்துக்கு மேல் இழுத்திருக்கிறார். வெளியே வந்து, ரஜீவ் கட்டிய கட்டையில் சக்கரம் முட்டி நின்று, மழையில் கூப்பிட்டிருக்கிறார். ஜெஸீமா ஓடிவந்து அவரைக் கொண்டுபோன பிறகுதான் சுவர் விழுந்ததாம்.

ஜெஸீமாவின் முன்னறையில் போர்வைக்குள் இருந்த அவர் என்னைக் கண்டதும் இடக்கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை தோலுரிந்து சிவந்திருந்தது.

"எட்டினது," என்றார்.

பின்னேரம் சிக்னல் வந்ததும் ரஜீவுக்குப் போன் எடுத்தேன். நன்றி சொல்லத்தான் எடுத்தேன். கொக்கியைப் பற்றியும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நடந்ததைச் சொல்லிக்கொண்டு போய், தோலுரிந்த உள்ளங்கையைச் சொன்னதுமே அவர் குறுக்கிட்டார்.

"ஐயா கைக்கு மருந்து போட்டீங்களா டீச்சர்?" என்றார். "அந்தச் சங்கிலி கைய அறுக்கும்னு எனக்குத் தோணாமப் போச்சு. ரோடு தெறந்ததும் வாறேன். வழவழப்பாத் துணி சுத்தின கயிறு ஒண்ணு மாத்தித் தாறேங்க."