தேசப்பன் வீட்டு வடக்குச் சுவர்

ஐப்பசி மழை ஓய்ந்ததும் திருவொற்றியூரில் தேசப்பனுக்குக் கிராக்கி. காலடிப்பேட்டையில் பாதி வீடுகளின் வெளிச்சுவர்ப் பாசியை அவர்தான் எடுக்கிறார். முப்பது வருஷம் காசிமேட்டில், கரையேற்றிய படகுகளின் அடிவயிற்றைச் சுரண்டியவர். தோள்மூட்டு தேய்ந்ததும் வீடுகளுக்கு மாறினார். "வூடுன்னா மல்லாந்து படுத்துகினு தேய்க்க வேணாம் பாரு" என்பார்.

வேலை சுத்தம். சுவரை நனைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்துப் பூசி, அரை மணி நேரம் பீடி குடித்துக் காத்திருந்து, தேய்த்துக் கழுவுவார். இரண்டு நாள் காயவிட்டுப் பாசி மருந்து இரண்டு கோட்டிங். அப்புறம் மூன்று மழைக்கு அந்த வீட்டுக்காரர் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை. பிழைப்பைத் தானே கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு நேர்மை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு வடக்குச் சுவரில் தவளை குடியிருக்கலாம். மளிகைக் கடை அய்யாத்துரை ஒருநாள் வேலைக்குக் கூப்பிட வந்து அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன்வே, ஊர்ப் பாசியெல்லாம் எடுக்கீரு, உம்ம சுவரு மட்டும் குளத்துப் படியாட்டம் கெடக்கு?"

"டாக்டருக்கு ஜொரம் வராதா அண்ணாச்சி?"

காரணம் அதுவல்ல. எட்டு வருஷத்துக்கு முன், சந்தில் ஒதுங்குகிறவர்கள் தொல்லை பொறுக்காமல், மகன் ரவிக்குமார் மிச்சமிருந்த படகு பெயின்ட்டில் அந்தச் சுவரில் எழுதினான்: 'இங்கு ஒன்னுக்குப் போகாதே. மீறினால் உதை. இப்படிக்கு ரவிக்குமார்.' ஒருவரும் மதிக்கவில்லை. மறு வருஷம் அவன் செத்துப்போனான். பத்து வருஷம் கடலுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியவன், எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு அடியில் போனான்.

சிவப்பு எழுத்தை உப்புக்காற்று சீக்கிரமே தின்றுவிட்டது. ஆனால் அது படகின் அடியில் பாசி ஒட்டாமலிருக்கப் பூசும் பெயின்ட். நிறம் போனாலும் விஷம் சுவரில் ஊறி நின்றது. மழை வந்தால் சுவரெங்கும் பாசி படரும், எழுத்து இருந்த தடத்தில் மட்டும் படராது. பச்சைக்கு நடுவே வெளுப்பாக அவன் கையெழுத்து எழும்பும். கோடையில் பாசி காய்ந்து உதிர்ந்தால் அவனும் மறைவான். பிள்ளை கைப்பட எழுதியது என்று வீட்டில் மிஞ்சியது இந்த மிரட்டல் ஒன்றுதான். தாய் கோவிந்தம்மா மழைக்காலம் முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்துதான் மீன் ஆய்வாள்.

போன வருஷம் ஈரம் சுவரைத் துளைத்து உள்ளே இறங்கியது. கட்டில் அந்தப் பக்கம். கோவிந்தம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. பாசியை எடுக்காவிட்டால் மருந்தெல்லாம் வீண் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"எழுத்த வுட்டுட்டு மத்தத எடேன்யா."

"எழுத்து எங்கமே கீது? பாசி இல்லாத எடம்தான் எழுத்து. பாசி போனா இன்னா மிஞ்சும்?"

"அப்ப எடுக்காத. அவன் பூடுவான்."

"எடுக்கலன்னா நீ பூடுவ."

"நான் பூட்டா இன்னா இப்ப?"

மார்கழியில் ஒரு வழியாக அவளைச் சம்மதிக்க வைத்தார். வெறும் தண்ணீர், பழைய பிரஷ், அதுவும் குழந்தைக்கு முதுகு தேய்ப்பதுபோல. பிளீச்சிங் இல்லை, மருந்து இல்லை. அவர் தெரிந்தே செய்த முதல் மட்டமான வேலை அது. "அடுத்த மழைக்கு வந்துருவான்மே" என்றார்.

இந்த வருஷ மழையில் பாசி வந்தது. சுவர் முழுக்க, ஒரு விரற்கடை விடாமல், எழுத்து இருந்த தடத்திலும்.

தேசப்பனுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கடலில் அந்த பெயின்ட் வருஷம் ஒன்றோ ஒன்றரையோ. சுவரில் ஏழு வருஷம் நின்றதே அதிகம். விஷம் தீர்ந்துவிட்டது. கழுவாமல் விட்டிருந்தாலும் அவன் வந்திருக்கமாட்டான்.

"அழுத்தித் தேச்சுட்டியாய்யா?" என்றாள் கோவிந்தம்மா.

சொல்லியிருக்கலாம். சொன்னால், பிள்ளை தானாகவே போய்விட்டான் என்றாகும்.

"ஆமாமே. கை அழுந்திட்சி."

பத்து நாள் அவள் அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. பதினோராம் நாள் அவர் பிளீச்சிங் கரைத்தார். அவள் தடுக்கவில்லை. மருந்து இரண்டு கோட்டிங். இப்போது சந்திலேயே வெள்ளையான சுவர் அதுதான்.

போன வாரம் லாரி கிளீனர் ஒருவன் அதைப் பார்த்து நின்று, லுங்கியைத் தூக்கினான். ஜன்னலுக்குள்ளிருந்து இழுப்புக்கு நடுவே ஒரு குரல் வந்தது.

"டேய்! இங்க ஒன்னுக்குப் போவாத! மீறினா உதை!"

அவன் ஓடிவிட்டான். அடுத்த வரியை அவள் சொல்லவில்லை.