ஏன் லிம்பூர்க்?

1991 ஆனி மாதம், வியாழக்கிழமை காலை நாலரை மணிக்கு லண்டன் டூட்டிங்கிலிருந்து வான் புறப்பட்டது. எட்டுப் பேர் இருக்கக்கூடிய வாடகை வான். ஏறியவர்கள் மூன்று பேர். ஓட்டியது நான். பக்கத்தில் மாப்பிள்ளை கணேஷ். பின்னால் அவனுடைய தமக்கை ரஞ்சி அக்கா, இடியப்பப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை ஸ்ருட்காட்டில் கணேஷுக்குக் கலியாணம். டோவரில் கப்பல் ஏறி ஒஸ்ரெண்டில் இறங்கி, பிரசல்ஸ் தாண்டி ஜெர்மனிக்குள் போகவேண்டும். ஒரே மூச்சில் ஓடமுடியாது. ஜெர்மனியில் ஓரிரவு தங்குவதென்று முடிவாகியிருந்தது. எந்த ஊரில் தங்குவது என்பதில்தான் இழுபறி.

கப்பலில் வரைபடத்தை மேசையில் விரித்தேன். என் விரல் ஆகனில் நின்றது. எல்லை தாண்டியதும் வரும் ஊர். பழைய அரசர்கள் முடிசூடிய கோயில் இருக்கிறது, வெந்நீர் ஊற்று இருக்கிறது, மலிவான அறை கிடைக்கும். ரஞ்சி அக்கா கொலோன் என்றார். அங்கே பெரிய தேவாலயம் ஸ்ரேசன் வாசலிலேயே இருக்கிறதாம், இறங்கிப் பார்க்கச் சுகம்.

"லிம்பூர்க்" என்றான் கணேஷ்.

தேடிப் பிடித்தேன். கொலோனிலிருந்து பிராங்போட் போகும் பெருவீதியில் பாதி வழியில் ஒரு சின்னப் புள்ளி.

"அங்கை என்ன கிடக்கு?"

"பழைய ஊர் அண்ணை. மலையிலை ஏழு கோபுரத்தோடை ஒரு சேர்ச். மர வீடுகள் எழுநூறு வருசம் பழசாம்."

ஆறு வருடமாக லண்டனில் இருக்கிறான். பெற்றோல் நிலையத்து ஷிப்ட், அறை, பெற்றோல் நிலையம். லண்டன் கோபுரத்தை ஒருநாள் போய்ப் பார்த்தவனில்லை. அவனுக்கு இப்போது ஏழு கோபுரம் வேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போதே நெஞ்சில் ஒரு முள் தைத்தது. அதற்குக் காரணம் உண்டு. நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கிரேக்கத்தில் கப்பல் துடைத்தேன், பெய்ரூத்தில் சீமெந்து சுமந்தேன். 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, லொறியில் முட்டைக்கோசுப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்து பிரான்சுக்குப் போனேன். இரண்டு நாள் பயணம். தண்ணீர் ஒரு போத்தல், மூத்திரம் போக இன்னொரு போத்தல். ஆட்களை எப்படி ஏற்றுவார்கள், எங்கே நிறுத்துவார்கள், எந்த மாதிரி ஊரைத் தெரிவுசெய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். பெருவீதிக்குப் பக்கத்திலுள்ள, யாரும் கவனிக்காத சின்ன ஊர்.

என்னிடம் இருந்தது கடவுச்சீட்டு அல்ல. பிரான்சிலிருந்து லண்டன் வந்த பிறகு, அகதி என்று பிரித்தானியா கொடுத்த பயணப் பத்திரம். அதில் பத்து நாளுக்கு ஜெர்மன் விசா. மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பம் லண்டனில் தீர்ப்புக்குக் காத்திருந்தது. வானில் ஒளித்த ஆளோடு நான் பிடிபட்டால் அந்த விண்ணப்பம் அன்றோடு முடியும்.

பகல் பன்னிரண்டரைக்கு ஒஸ்ரெண்டில் இறங்கினோம். அங்கிருந்து லிம்பூர்க் ஏறத்தாழ 445 கிலோமீற்றர். பிரசல்ஸைச் சுற்றும் வளையத்தில் ஒரு மணித்தியாலம் போனது. வலது பக்கத்தில் ஸ்ரியரிங் உள்ள வானில் வலது பக்கமாகவே ஓடுவது, ஒற்றைக் கண்ணால் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல. முந்தும்போதெல்லாம் கணேஷ்தான் தலையை நீட்டி, "போங்கோ, போங்கோ" என்பான். அவனை நம்பித்தான் முந்தினேன். அந்த ஒரு விஷயத்தில்தான் நம்பினேன்.

ஜெர்மன் எல்லையில் பொலிஸ்காரன் மூன்று பத்திரங்களையும் புரட்டிவிட்டுப் பின்சீட்டுகளைப் பார்த்தான். ஐந்து வெறும் சீட்டுகள். பையைத் திறக்கச் சொன்னான். ஒரு பித்தளைச் செம்பு, தாம்பாளம், சின்ன மோதிரப் பெட்டி. அவற்றின் கீழே ஒரு வெள்ளைச் சட்டையும் பட்டு வேட்டியும். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நான் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணேஷின் கழுத்து எருமைக் கழுத்து. அந்தச் சட்டையின் கழுத்து ஒரு மெலிந்த ஆளுடையது.

ஆகன் தாண்டி எண்ணெய் அடிக்க நின்ற இடத்தில் கணேஷ் தொலைபேசிக் கூண்டுக்குள் போனான். நான் சக்கரத்தின் காற்றைப் பார்ப்பதுபோல் பக்கத்தில் குந்தினேன்.

"நீ அங்கையே நில். ஊரை விட்டு ஒரு அடி வெளியிலை வைக்காதை. நாங்கள் உன்னட்டை வாறம்."

வானில் ஏறினேன். கொலோன் தேவாலயத்தின் இரட்டைக் கூம்புகள் தூரத்தில் தெரிந்தபோது ரஞ்சி அக்கா, "இஞ்சை நிண்டிருக்கலாம்" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

மாலை ஆறரை. மேட்டிலிருந்து பெருவீதி இறங்கி ஆற்றின்மேல் உயர்ந்த பாலத்தில் ஏறியதும் இடது வலதென்று தேட வேண்டியிருக்கவில்லை. பாறையின் உச்சியில் அந்தத் தேவாலயம் நின்றது. வெள்ளையும் சிவப்பும் பூசிய சுவர்கள், ஏழு கோபுரங்கள், கீழே லான் ஆறு. கணேஷ் சொன்னதில் பொய்யில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மறைக்க ஏதோ உள்ளவன்தான் இவ்வளவு சரியாகப் படித்துக்கொண்டு வருவான்.

பழைய ஊருக்குள் வான் போகும் தெரு ஒன்றிரண்டுதான். கல் பதித்த ஒடுங்கிய ஒழுங்கைகள். மரச்சட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்பு அப்பிய வீடுகள் மேலே போகப்போகத் தெருவுக்குள் தலை நீட்டுகின்றன. எதிரெதிர் வீட்டார் சன்னலால் உப்புக் கடன் வாங்கலாம். அப்படியொரு வீட்டில் விடுதி. இரண்டு அறை, காலைச் சாப்பாட்டோடு 110 மார்க். விடுதிக்கார அம்மா எங்கள் பத்திரங்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்:

"ஏன் லிம்பூர்க்?"

நான் கணேஷைப் பார்த்தேன். காலையிலிருந்து நானும் அதைத்தான் கேட்கிறேன்.

"தேவாலயம்" என்றான் அவன்.

"பார்க்கிறவர்கள் பஸ்ஸில் வருவார்கள், ஒரு மணித்தியாலத்தில் போய்விடுவார்கள். யாரும் தங்குவதில்லை." பத்திரங்களைத் திருப்பித் தராமல் மேசை லாச்சிக்குள் வைத்தார். அந்த ஊரில் என்னைப் போலவே சந்தேகப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

வெளியே வந்ததும் கணேஷ் கை நீட்டினான்.

"அண்ணை, வான் திறப்பைத் தாங்கோ. சாமான் எடுக்கவேணும்."

"தரமாட்டன்."

"என்ன?"

"ஆர் வாறது? அந்தச் சட்டை ஆருக்கு? அஞ்சு சீட்டு ஆருக்கு? என்ர மனிசியும் பிள்ளையும் கொழும்பிலை ரெண்டு வருசமா லொட்ஜிலை கிடக்கினம். உன்ர கலியாணத்துக்காக நான் ஆள் கடத்திப் பிடிபட்டு மறியலுக்குப் போக ஏலாது."

"உங்களுக்கென்ன விசரே?" என்றார் ரஞ்சி அக்கா. "சின்ன வான் கிடைக்கேல்லை எண்டுதானே இதை எடுத்தது!"

அந்த நேரத்தில் ஒழுங்கையின் மேட்டிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். சட்டையின் கழுத்துக்கு அளவான கழுத்து.

"இவன்தான் நகுலன். பொம்பிளையின்ர தம்பி" என்றான் கணேஷ்.

நான் நேரே கேட்டேன். "தம்பி, எங்கை போக வந்தனீர்?"

"எங்கையும் போக ஏலாது அண்ணை" என்றான் அவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஜெர்மனியில் அகதி கேட்டவர்களை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பிரித்து அனுப்புவார்கள். வழக்கு முடியும்வரை அந்த மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. எனக்கு அது தெரியாது. நான் ஜெர்மனியை லொறிக்குள் இருந்தபடியே கடந்தவன். நகுலன் இரண்டு தரம் தாண்டிப் பிடிபட்டிருந்தான். தமக்கையின் கலியாணத்துக்கென்று கேட்ட அனுமதியும் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர்க் கலியாணத்தில் மாப்பிள்ளை வந்து இறங்கியதும் பெண்ணின் சகோதரன் செம்புத் தண்ணீரால் கால் கழுவி, மோதிரம் வாங்கி, கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப்போவான். பெண்ணுக்கு இவன் ஒரே தம்பி. மச்சான் முறைக்கு வேறு பெடியனை நிறுத்தலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பெண் கேட்கவில்லை. 'என்ர தம்பி கால் கழுவாமல் ஆளை மேடையிலை ஏத்தவேண்டாம்' என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

"முதலே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீங்கள் வந்திருக்க மாட்டியள்" என்றான் கணேஷ். அது உண்மை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. விடுதி வாசற்படியில் தாம்பாளத்தை வைத்து, கணேஷ் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றான். நகுலன் குந்தியிருந்து கழுவினான்.

"மச்சான், லண்டனிலை கால் கழுவிறேல்லையோ? ஊத்தை போகுதில்லை."

"மோதிரம் வேணுமெண்டா வாயை மூடிக்கொண்டு கழுவு!"

படியில் தண்ணீர் ஓடுவதைக் கண்ட விடுதிக்கார அம்மா வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தார். ரஞ்சி அக்கா விளக்கினார். அந்த அம்மா உள்ளே போய் ஒரு துவாயோடு எங்கள் பத்திரங்களையும் கொண்டுவந்து தந்தார். மோதிரத்தைப் போட்ட கையால் நகுலன் கணேஷின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். அங்கே மணவறை எது? வான்தான்.

"மாவட்ட எல்லைவரை நானும் வரட்டே அண்ணை? பாட் கம்பெர்க் தாண்டினா பலகை வரும். ரெயினிலை திரும்பியிடுவன்."

நான் பயந்தது இதைத்தான். ஏறு என்றேன்.

இருபது கிலோமீற்றர். வழி முழுக்கச் சிரிப்பு. பாட் கம்பெர்க்கைத் தாண்டி அடுத்த மாவட்டத்தின் பெயர்ப்பலகை தெரிந்ததும் வானை ஓரங்கட்டினேன். ரஞ்சி அக்கா பையிலிருந்து வேட்டியையும் சட்டையையும் எடுத்தார்.

"வாடா தம்பி, நீயும் வா. திங்கக்கிழமை ரெயினிலை திரும்பலாம். ஆர் பாக்கப்போறான்?"

 மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எஞ்சினை நிறுத்தினேன்.

"எனக்கு ஏலாது அக்கா" என்றேன்.

நகுலன் ஏற்கெனவே கதவைத் திறந்திருந்தான். "அண்ணையைக் குழப்பாதேங்கோ. அவருக்கும் பேப்பர் வேணும், எனக்கும் வேணும்." வேட்டி சட்டையை வாங்கிக் கமக்கட்டில் இடுக்கினான். "ஞாயிறு முகூர்த்தம் பத்தரைக்குத்தானே? அகதி ஹோமிலை உடுத்துக்கொண்டு இருக்கிறன். என்ர அக்காட்டைச் சொல்லுங்கோ."

அவன் திரும்பி நடந்தான். நான் இறங்கிப் போய் வானின் பின்கதவைத் திறந்து, சாமான்களுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு மூடினேன். அதை ரஞ்சி அக்கா கண்டார். ஸ்ருட்காட் வரை என்னோடு பேசவில்லை.

அடுத்த மாசியில் என் மனைவியும் மகளும் ஹீத்ரோவில் வந்திறங்கினார்கள். நகுலனின் வழக்கு முடிய அதன்பிறகும் மூன்று வருடம் எடுத்தது.

லண்டனில் எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை டூட்டிங்கில் சாமான் வாங்கி, வெம்பிளியில் ஒரு பிறந்தநாளில் சாப்பிட்டு, மனோர் பார்க் முருகனையும் கும்பிட்டு வீடு திரும்புவார்கள். எந்தப் பலகையும் அவர்களை மறிப்பதில்லை. ஜெர்மனிப் பக்கம் வான் பிடிப்பவர்கள் இப்போதும் என்னிடம், வழியில் எந்த ஊரில் தங்கலாம் என்று கேட்பார்கள். லிம்பூர்க் என்பேன். பாறைமேல் ஏழு கோபுரம், கீழே ஆறு, துவாய் தரும் விடுதிக்கார அம்மா. ஓரிரவு போதுமா என்று கேட்பார்கள். போதும், காலையில் எழும்பி நீங்கள் விரும்பிய பக்கம் புறப்படலாம் என்பேன்.